பழைய கார் சூடாகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது. சரக்கு ரயில் ஊர்ந்து கடக்கிறது. மே மாதம், பகல் பதினொரு மணி. முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் தண்ணீர் லாரி, திரும்ப இடமில்லை. டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே நகரத் தொடங்குகிறது. இந்தப் பக்கம் பழைய கார் ஓட்டுகிறவர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு.

அப்பா 1999இல் வாங்கிய மாருதி 800 தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இன்னும் நிற்கிறது, ஓடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அது சூடாகத் தொடங்கியது. அப்பா தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆனாலும் முள் ஏறியது. கொண்டுபோய் விட்ட பட்டறையில், பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து, அதாவது அடிமுகத்தைச் சமமாக இழைத்து, புதுக் கேஸ்கெட் போட்டுப் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கினார்கள். பத்தாவது நாள் அதே கேட்டில் அதே முள் மறுபடியும் ஏறியது. கோளாறு இருந்தது ரேடியேட்டர் மூடியில். அதன் அடி ரப்பர் வெடித்திருந்தது. சில நூறு ரூபாய்ப் பொருள்.

அந்தப் பணம் அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து போனது. இன்னொரு வீட்டில் அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: வண்டி எப்போது சூடாகிறது? தண்ணீர் எங்கே போகிறது? இவற்றுக்கு விடை தெரியாமல் யார் எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

முள் சிவப்பைத் தொட்டுவிட்டால்

முதலில் ஏசியை அணையுங்கள். வண்டியில் ஹீட்டர் வேலை செய்தால் அதை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்னை வெயிலுக்கு எதற்கு என்று பலர் ஹீட்டர் ஹோஸைத் துண்டித்து வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் இந்த வழி இல்லை. முள் இறங்கவில்லை என்றால், ஓரம் கிடைத்தவுடன் நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த சிக்னல் வரை போய்விடலாம் என்ற எண்ணம்தான் அலுமினிய ஹெட்டை வளைக்கிறது.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் விடுபட்டு, அது முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பக்கத்துக்குப் போகும் ரப்பர் குழாயான மேல் ஹோஸைத் தடித்த துணியால் பிடித்துப் பாருங்கள். இன்னும் கல்போல இருந்தால் அழுத்தம் குறையவில்லை என்று பொருள். மின்விசிறி உள்ள வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையையும் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் தள்ளி வையுங்கள்.

பக்கத்துக் கடையில் வாங்கிய குளிர்ந்த தண்ணீரைச் சூடான என்ஜினுக்குள் ஊற்றுவதும் கூடாது. அந்த அதிர்ச்சியில் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். நன்றாக ஆறிய பின், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

முள்ளை எவ்வளவு நம்பலாம்

பழைய வண்டிகளில் முள்ளே பொய் சொல்வதுண்டு. சென்சாரின் ஒயர் துருப்பிடித்தாலும், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் தளர்ந்தாலும் முள் தன்போக்கில் ஆடும். முகப்பு விளக்கைப் போட்டவுடன் முள் ஏறினால் கோளாறு பெரும்பாலும் எர்த்தில்தான், என்ஜினில் அல்ல. வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் கைக்கருவி கிடைத்தால், தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் உலோகக் கூட்டின் மீது பிடித்துப் பாருங்கள். 85 முதல் 100 டிகிரிக்குள் இருந்தால் என்ஜின் நலமாக இருக்கிறது, முள்தான் பழுது.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. உயரத்தில் நின்ற முள் திடீரென அடிக்கு விழுந்தால் வண்டி ஆறிவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் மொத்தமும் வெளியேறிவிட்டால் அதைச் சுற்றிக் காற்றும் ஆவியும்தான் மிஞ்சும், அப்போது முள் இறங்கிவிடும். என்ஜினோ எரிந்துகொண்டிருக்கும். அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

எப்போது சூடாகிறது என்று குறித்து வையுங்கள்

ஒரு சிறிய நோட்டை டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். நம் பகுதியின் சாலைகளே இதற்குச் சோதனைக்கூடம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் நிற்கும்போது மட்டும் சூடாகி, வண்டி நகர்ந்தவுடன் முள் இறங்குகிறதா? காற்றோட்டம் போதவில்லை. விசிறி, அதன் ரிலே, அதன் சுவிட்ச், அல்லது அம்பாசடர், பத்மினி போல பெல்ட்டில் சுழலும் விசிறியாக இருந்தால் பெல்ட், இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. நின்றால் நன்றாக இருந்து, மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் எண்பதில் போகும்போது மட்டும் சூடாகிறதா? அந்த வேகத்தில் காற்று தானாகவே வேண்டிய அளவு வருகிறது, எனவே விசிறி மீது பழி போடாதீர்கள். தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை. அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சும் வேகத்தில் நசுங்கிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைத் தேடுங்கள். கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் சிவப்புக்குப் போனால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். ஏசி போட்டால் மட்டும் என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் அடைப்பு இருக்கலாம்.

இந்த ஒரு வாரக் குறிப்போடு பட்டறைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

குளிர்ந்த என்ஜினில் முதல் பார்வை

காலையில், வண்டியைக் கிளப்பும் முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பாட்டிலை மட்டும் பார்ப்பது போதாது. எங்கள் அப்பா ஏமாந்தது இங்கேதான். பாட்டில் நிறைந்திருந்தது, ரேடியேட்டரோ ஒரு சாண் காலியாக இருந்தது.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகள் பிடிபடும். என்ஜின் சூடாகும்போது தண்ணீர் விரிந்து, மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு சிறு குழாய் வழியாகப் பாட்டிலுக்குப் போகிறது. ஆறும்போது சுருங்கி, அதே குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் வழியைத் திறப்பது மூடியின் நடுவில் இருக்கும் காசளவு வட்டத் தகடு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ, சிறு குழாயில் ஊசித் துளை இருந்தாலோ, ஆறும்போது தண்ணீருக்குப் பதிலாகக் காற்று உள்ளே போய்விடும். ஒவ்வொரு பயணத்திலும் பாட்டில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. அந்த வட்டத் தகடு துருவில் ஒட்டிக்கொண்டால் எதுவுமே திரும்பி வராது. ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் உறிஞ்சிய பனங்காய்போல ஒட்டிப் போயிருப்பது அதற்கு அடையாளம்.

மூடியின் மீது ஓர் எண் அச்சிட்டிருக்கும், பல வண்டிகளில் 0.9. அது அழுத்தத்தின் அளவு. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும், ரேடியேட்டர் தண்ணீரில் சேர்க்கும் திரவமான கூலண்ட் சரிபாதி கலந்திருந்தால் 125 டிகிரி அளவுக்குப் போகும். மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடுகிறது. எனவே முதலில் மாற்ற வேண்டியது, விலை குறைந்ததும் சந்தேகம் மிகுந்ததுமான மூடிதான். உங்கள் வண்டிக்குரிய அதே எண் உள்ளதை வாங்குங்கள். எண் கூடினால் நல்லது என்று 1.1 வாங்கிப் போடுவது பழைய ஹோஸையும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியையும் வெடிக்க வைக்கக்கூடும்.

தண்ணீர் வெளியே போகிறதா

இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். முன்சக்கரங்கள் எங்கே நின்றன என்று அதில் குறியுங்கள். காலையில் ஈரம் இருக்கும் இடம் வழி காட்டும்: முன் ஓரத்தில் என்றால் ரேடியேட்டர், பெல்ட் பக்கம் என்றால் வாட்டர் பம்ப், ஓட்டுநர் அறையை ஒட்டி என்றால் ஹீட்டர் ஹோஸ் அல்லது பிளாக்கின் துளைகளை அடைத்து அடித்திருக்கும் உலோக மூடியான கோர் பிளக். ஏசி ஓடிய பின் சொட்டும் தண்ணீரைக் கண்டு பயப்படாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தாராளமாகச் சொட்டும். ஆனால் அது நிறமும் மணமும் வழவழப்பும் இல்லாத தண்ணீர். கூலண்ட் விரலில் வழுக்கும், இனித்த மணம் இருக்கும். மணந்து பாருங்கள், நாவில் வைக்காதீர்கள், அது நஞ்சு.

சூடான உலோகத்தில் கசியும் தண்ணீர் தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும். அங்கே ஈரத்தைத் தேடாமல் தடத்தைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப்பைச் சுற்றி வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு, ரேடியேட்டர் பிளாஸ்டிக் தொட்டியின் மடிப்பில் கறை, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து வழிந்த கோடு. அந்தத் துளையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அதன் வழியாக வெளியே வரும். அதை எம்-சீல் வைத்து அடைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்தால் தண்ணீர் பேரிங்கைத் தின்னும், பம்ப் நடுச்சாலையில் இறுகிவிடும்.

முன் இருக்கையின் காலடி விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். அது பிசுபிசுப்பாக ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் பனி படிந்தால் ஹீட்டரின் உட்பகுதி கசிகிறது.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால் அழுத்தச் சோதனை. மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை காற்றழுத்தம் ஏற்றுவார்கள். அந்த அளவைத் தாண்டக்கூடாது. பதினைந்து நிமிடம் அந்தப் பம்பின் அழுத்தமானி முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, டார்ச்சை எடுத்துத் தேடுங்கள். இந்தச் சோதனையை ஆறிய என்ஜினில் ஒருமுறையும் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒருமுறையும் செய்யச் சொல்லுங்கள். சில கிளிப்புகள் குளிர்ந்து சுருங்கும்போது மட்டுமே ஒழுகும். நல்ல ரேடியேட்டர் பட்டறைகளில் இந்தப் பம்பு இருக்கும். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்கிறவரிடம், இந்தச் சோதனையைச் செய்தீர்களா அண்ணே என்று தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே போகிறதா

வெளியே எங்கும் கசிவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் கழற்றாமலே செய்யும் சோதனைகள் இருக்கின்றன.

காலையில் குளிர்ந்த வண்டியில், மூடி திறந்திருக்க, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பிக் கிளப்புங்கள். முதலில் வரும் ஓரிரு குமிழிகள் உள்ளே தங்கிய காற்றாக இருக்கலாம். இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் விடாமல், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதிகமாகக் குமிழி வந்தால், எரியறையின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டுக் கிளப்பினால் வேறோர் அடையாளம்: என்ஜின் இன்னும் சூடாகாத முதல் ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் இறுகிவிடும். சூடு இல்லாமல் அழுத்தம் வந்தால் அது வாயுவின் வேலைதான்.

உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதிலுள்ள நீலத் திரவத்தின் வழியாக உள்ளிருக்கும் காற்றை இழுப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறும். குழாய்க்குள் கூலண்ட் ஏறிவிட்டால் சோதனை பயனற்றது, எனவே மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துச் செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் நீராவி போகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போல எதையாவது பார்த்தவுடன் பதற வேண்டாம். தினமும் சந்தைக்கும் பள்ளிக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், என்ஜின் முழுதாகச் சூடாகாததால் காற்றின் ஈரம் அங்கே படிந்து அப்படி ஆகும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் முழுவதும் காபிபோலக் கலங்கியிருந்தால்தான் ஆபத்து, அதன்பின் வண்டியைக் கிளப்பவே கூடாது. அந்தக் கலவை பேரிங்குகளைக் காப்பாற்றாது. புகைக்குழாயிலிருந்து மார்கழிக் காலையில் கொஞ்சம் வெண்புகை வருவது இயல்பு. சூடான பிறகும் நிற்காமல், இனித்த மணத்தோடு வருவது இயல்பல்ல.

இத்தனைக்கும் பிறகு கேஸ்கெட்தான் என்று உறுதியானால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். கழற்றிய ஹெட்டின் மீது நேர்ப்பட்டியை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல சிறிய என்ஜின்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். கைப்பழக்கம் போதும் என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

விசிறி

வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டும்போது விசிறி தானாகச் சுழல வேண்டும், ஓரிரு நிமிடத்தில் நிற்கவும் வேண்டும். சுழலவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகு விசிறியின் இணைப்பைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம். நேராகக் கொடுத்தும் சுழலாவிட்டால் மோட்டார் பழுது. சுழன்றால், ரேடியேட்டரில் இருக்கும் வெப்ப சுவிட்சின் இரு ஒயர்களையும் சாவி போட்ட நிலையில் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அப்போது ஓடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. கணினி கட்டுப்படுத்தும் வண்டிகளில் இப்படி ஒயரைச் சேர்க்கக்கூடாது.

பட்டறைகளில் எளிதாகச் சொல்லும் தீர்வு, விசிறியை டைரக்டாகக் கொடுத்துவிடுவது. சாவி போட்டதும் சுழலும், அணைத்தால் நிற்கும். அவசரத்துக்கு இரண்டு நாள் சரி. நிரந்தரமாக அப்படி விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், ஒயர் சூடாகும், எல்லாவற்றையும்விட உண்மையான கோளாறு மறைந்துபோகும். மோட்டாரை மாற்றிய வண்டிகளில் ஒயர் மாறி, விசிறி தலைகீழாகச் சுழல்வதும் உண்டு. கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடியுங்கள். உள்நோக்கி இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளியே தள்ளக்கூடாது. விசிறியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிப் போட்டிருந்தாலும் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே மறுபடி இழுக்கும்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியாதீர்கள்

இந்த ஊரில் வேரூன்றிய தவறு இது. குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் அது வேண்டும், நமக்கு எதற்கு என்று கழற்றிவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது. அது இல்லாத என்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழிக் குழாயையும் அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குள் சுற்றும், வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

சோதிப்பது எளிது. சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மீது பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும். மாட்டும்போது அதிலிருக்கும் சிறு காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும்.

ரேடியேட்டரும் நம் தண்ணீரும்

வடசென்னையில் பழைய கார்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மீஞ்சூரிலும் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் என்ஜினின் உள்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. சுண்ணாம்புச் சத்து சூட்டில் கரைந்து நிற்காது, பிரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மெல்லிய படலமே சூட்டை வெளியே விடாது. கடல்நீர் ஊடுருவிய தண்ணீரின் உப்பு அதோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும்.

இங்கே பனி உறைவதில்லையே, எதற்குக் கூலண்ட் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறையாமல் இருப்பது அதன் பணிகளில் ஒன்றுதான். துரு தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், பம்பின் சீலைக் காப்பதும் நமக்கு வேண்டியவை. அதற்காக வெறும் கூலண்டை அப்படியே ஊற்றவும் கூடாது. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் வலியது, பாதிக்குப் பாதி போதும். கலந்தே விற்கும் பாட்டில் என்றால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காதீர்கள். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வழியில் அவசரம் என்றால் கேன் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று எண்ணி இரண்டு கூலண்டுகளைக் கலக்காதீர்கள்.

உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று கழற்றாமலேயே தெரியும். வண்டி சூடாகி விசிறி ஓடி நின்றபின் என்ஜினை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தை, வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் அந்தக் கைக்கருவியால் இடம் இடமாக அளந்து பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் நோக்கிச் சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்து ராடிங் செய்து அடைப்பை எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் என்றால் புதிது வாங்குவதே நல்லது.

வெளிப்பக்கத்தையும் விடாதீர்கள். காசிமேட்டிலிருந்து வரும் உப்புக்காற்றில் ரேடியேட்டரின் தகடுகள் அரித்து, விரல் பட்டாலே மாவாக உதிரும். தகடு உதிர்ந்த ரேடியேட்டரில் ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனால் சூடும் இறங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேறு காய்ந்து சுவர்போல இறுகியிருப்பதைப் பார்த்தேன். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, இரண்டையும் பிரித்தால்தான் தெரியும். கழுவும்போது என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தம் தகடுகளை மடக்கிவிடும்.

மஞ்சள் தூளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்று லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். நள்ளிரவில் கும்மிடிப்பூண்டி தாண்டி மாட்டிக்கொண்டவருக்கு அது வீடு வந்து சேர உதவியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறு துளையை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் கசிவு அடைப்பான்களும் அப்படித்தான். போட்டிருந்தால், பழுது பார்த்தவுடன் முழுவதையும் கழுவி வெளியேற்றுங்கள்.

பம்ப், மற்றவை

வாட்டர் பம்பின் கப்பியை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. சத்தமும் கசிவும் இல்லாமலே உள்ளிருக்கும் இறக்கைகள் துருவில் கரைந்துபோவதும் உண்டு, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். டைமிங் பெல்ட்டைக் கழற்றித்தான் பம்பை எடுக்க முடியும் என்ற என்ஜினாக இருந்தால் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கூலி ஒருமுறைதான். தளர்ந்த பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், விடாமல் பிடித்திருக்கும் பிரேக் ஆகியவையும் என்ஜினைச் சூடாக்கும். வண்டி நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது.

மறுபடி நிரப்புவது

எதை மாற்றினாலும் கடைசியில் காற்றை வெளியேற்றாவிட்டால் வேலை வீண். முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சாய்வான இடத்தில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள். மூடி திறந்திருக்க மெதுவாக நிரப்பிக் கிளப்பி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கும், அப்போது மேலும் ஊற்றுங்கள். குமிழி நின்றபின் மூடியைப் போட்டு, விசிறி இரண்டுமுறை ஓடி நிற்கும்வரை பாருங்கள். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் ரேடியேட்டரிலும் பாட்டிலிலும் மட்டம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் பாருங்கள். முதல் இரண்டு நாள் ஒரு டம்ளர் அளவு குறைந்தால் அது தங்கியிருந்த காற்று வெளியேறியது. மூன்றாம் நாளுக்குப் பிறகும் குறைந்தால் கசிவு இன்னும் இருக்கிறது, அட்டைப்பெட்டியை மறுபடி விரியுங்கள்.

இறக்கிய பழைய கூலண்டைத் தெருவிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். அது இனிக்கும். நாயும் பூனையும் தேடிவந்து நக்கும், கொஞ்சமே போதும், சிறுநீரகம் செயலிழந்து இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய எண்ணெயைச் சேர்த்து அனுப்பும் பட்டறையில் ஒப்படையுங்கள். கொட்டிய இடத்தை நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவிவிடுங்கள்.